கடைசிப் போரும் சிங்கத்தோல் போர்த்திய கழுதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்னியா என்றதும் பனி மூடிய காடும், துணி அலமாரியும், ஒரு சிங்கமும் பலருக்கு நினைவு வரும். முதல் கதையைப் படமாகப் பார்த்தவர்கள் ஏராளம். ஆனால் சி. எஸ். லூயிஸ் அந்த வரிசையில் எழுதியது ஏழு புத்தகங்கள். 1950இல் தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. கடைசிப் புத்தகமான 'தி லாஸ்ட் பேட்டில்' 1956 செப்டம்பரில் வெளியானது. பிரிட்டனில் சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் கார்னகி பதக்கம் அதற்குக் கிடைத்தது. இங்கே அதைக் 'கடைசிப் போர்' என்றே சொல்லிக்கொள்கிறேன்.

விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி வகுப்பில் கதை சொல்லப் போனாலும் சரி, நண்பர்களோடு உட்கார்ந்தாலும் சரி, இந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. அவற்றையெல்லாம் சேர்த்து எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். முடிவு உட்பட முழுக் கதையும் இதில் வந்துவிடும். முதலில் புத்தகத்தைப் படிக்க விரும்புகிறவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நார்னியா என்பது பேசும் விலங்குகளின் நாடு. அஸ்லான் என்ற சிங்கம்தான் அதைப் படைத்தவர். அவர் அங்கே வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. நாட்டின் மேற்கு ஓரத்தில் ஷிஃப்ட் என்று ஒரு கிழட்டுக் குரங்கும் பசில் என்று ஒரு கழுதையும் இருக்கின்றன. ஒருநாள் குளத்தில் ஒரு சிங்கத்தோல் மிதந்து வருகிறது. குரங்கு அதைத் தைத்து, கழுதைக்குப் போர்த்தி, "இதோ அஸ்லான் திரும்பி வந்துவிட்டார்" என்று ஊரை நம்பவைக்கிறது. தன்னை அஸ்லானின் வாயாக அறிவித்துக்கொள்கிறது.

அப்புறம் எல்லாம் வேகமாகச் சரிகிறது. பக்கத்து வல்லரசான கலோர்மெனுடன் குரங்கு கூட்டுச் சேர்கிறது. புனிதமான காடு வெட்டப்படுகிறது. பேசும் குதிரைகள் வெட்டிய மரங்களை இழுக்கப் பூட்டப்படுகின்றன. கடைசி அரசன் டிரியனும், அவனுடைய உயிர்த் தோழனான ஜுவல் என்ற ஒற்றைக்கொம்புக் குதிரையும், இங்கிலாந்திலிருந்து வந்து சேரும் யூஸ்டஸ், ஜில் என்ற இரண்டு பிள்ளைகளும் எதிர்த்து நிற்கிறார்கள். தோற்கிறார்கள். நார்னியா அழிகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் புத்தகத்தின் கடைசிப் பகுதி: கதவுக்கு அந்தப் பக்கம், இன்னும் பெரிய, இன்னும் உண்மையான நார்னியா.

குழந்தைகள் புத்தகத்தை டிஸ்டோபியா என்பது கொஞ்சம் அதிகம் இல்லையா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிஸ்டோபியா, அதாவது கொடுங்கோன்மையில் சிக்கிய கற்பனைச் சமூகத்தின் கதை என்றால், கண்காணிப்புக் கேமராவும் இரும்புக் கோபுரமும் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஒரு சமூகத்தின் நல்ல வார்த்தைகளையெல்லாம் எடுத்து அதே சமூகத்தின் கழுத்தில் நுகத்தடியாக மாட்டிவிடுவதுதான் அதன் உயிர். குரங்கு செய்வது அதைத்தான்.

குரங்கு பேசும் காட்சியைப் பாருங்கள். உடம்புக்குப் பொருந்தாத சிவப்புச் சட்டை, காகிதக் கிரீடம், காலில் நிற்காத செருப்பு. அணில்களைக் கூப்பிட்டு, இன்னும் கொட்டை கொண்டுவா என்று அதட்டுகிறது. பிறகு, நீங்கள் எல்லோரும் கலோர்மெனுக்கு வேலைக்குப் போகவேண்டும், கூலி அஸ்லானின் கருவூலத்துக்கு வரும், எல்லாம் உங்கள் நன்மைக்கே என்கிறது. கிழட்டுக் கரடி ஒன்று எழுந்து, எங்களுக்குச் சுதந்திரமாக இருக்கவேண்டும் என்கிறது. நான் சொல்கிறபடி செய்வதுதான் உண்மையான சுதந்திரம் என்று அதன் வாயை அடைக்கிறது குரங்கு.

அஸ்லான் பழக்கிவைத்த சிங்கம் இல்லை, அவரை யாரும் கட்டிவைக்க முடியாது என்பது நார்னியாவில் எல்லோரும் பக்தியோடு சொல்லும் பேச்சு. இப்போது அதே பேச்சு, அவர் கொடுமை செய்தாலும் கேள்வி கேட்காதே என்று சொல்ல உதவுகிறது. எனக்குப் புத்தகத்தில் மிகவும் பயமான இடம் இதுதான். புதிதாக எதையும் சொல்லவேண்டிய அவசியமே குரங்குக்கு வரவில்லை, பழைய வசனமே போதுமானதாக இருக்கிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஜில் போய்க் கழுதையை மீட்டுக்கொண்டு வந்துவிடுகிறாள். இதை எல்லோருக்கும் காட்டினால் பொய் உடைந்துவிடும் என்று டிரியன் கணக்குப் போடுகிறான். ஆனால் குரங்கு முந்திக்கொள்கிறது. "சிங்கத்தோல் போர்த்திய கழுதை ஒன்று அஸ்லான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறது, ஜாக்கிரதை" என்று அதுவே அறிவித்துவிடுகிறது. இனி அரசன் கழுதையைக் காட்டினால் அரசன்தான் மோசக்காரன். பொய்யோடு துளி உண்மையைக் கலந்தால் அதன் வலு எவ்வளவு கூடும் என்பதைச் சிறுவர் கதைக்குள் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இன்னொருவரை நான் படித்ததில்லை.

லூயிஸுக்கு ஆர்வெலைத் தெரியுமா?

நன்றாகப் படித்திருந்தார். 1955இல் ஆங்கில நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்வெலைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். '1984' நாவலைவிட 'விலங்குப் பண்ணை'தான் சிறந்தது என்பது அவர் கட்சி. உழைத்து உழைத்து ஓய்ந்துபோன பாக்ஸர் என்ற குதிரையின் சாவு, மற்ற நாவலின் விரிவான கொடுமைகளைக் காட்டிலும் நம்மை அதிகமாக உலுக்குகிறது என்கிறார். அடுத்த ஆண்டே அவருடைய கடைசிப் போர் வெளியானது. அதிலும் குதிரைகள் சாகின்றன.

ஏன் கழுதை? வேறு விலங்கு கிடைக்கவில்லையா?

இந்தக் கேள்விக்குத் தமிழ் வாசகர்கள்தான் மிக எளிதாகப் பதில் சொல்ல முடியும். ஈசாப்பிடம் சிங்கத்தோல் போர்த்திய கழுதை இருக்கிறது, அது லூயிஸ் அறிந்தது. நம்மிடம் பஞ்சதந்திரக் கழுதை இருக்கிறது. சலவைக்காரர் புலித்தோலைப் போர்த்தி அடுத்தவர் வயலில் மேயவிடுவார், அது வாயைத் திறந்து கத்தி மாட்டிக்கொள்ளும். வள்ளுவரிடம் கழுதைக்குப் பதில் பசு:

வலியில் நிலைமையான் வல்லுருவம் பெற்றம்
புலியின்தோல் போர்த்துமேய்ந் தற்று.

கூடாஒழுக்கம் அதிகாரத்தில் வரும் குறள். மனதை அடக்கும் வலிமை இல்லாதவன் போடும் தவக்கோலம், புலித்தோல் போர்த்திக்கொண்டு பசு பயிரை மேய்வதுபோல என்கிறார். கடவுள் பெயரில் போடும் வேஷத்தைத்தான் அவரும் சொல்கிறார். குரங்கை மனதில் வைத்து எழுதியதுபோலவே இருக்கும்.

அப்புறம் பைபிள் கழுதைகள். எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் பிலேயாமின் கழுதைக்குத் தேவதூதன் தெரிகிறான், தீர்க்கதரிசிக்குத் தெரியவில்லை. மூன்று தடவை அடி வாங்கிய பிறகு கர்த்தர் அதன் வாயைத் திறக்கிறார். குருத்தோலை ஞாயிறு அன்று இயேசு ஏறி வந்ததும் கழுதைமேல்தான். அந்த வரிசையில் பசிலை நிறுத்திப் பார்த்தால் லூயிஸ் என்ன செய்கிறார் என்று புரியும். பிலேயாமின் கழுதை பேச்சு இல்லாத பிராணி, பேசவேண்டிய நேரத்தில் பேசிவிட்டது. பசிலுக்குப் பிறவியிலேயே பேச்சு உண்டு, பேசவேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டது.

அப்படியானால் பசில் குற்றவாளியா? பாவம், அதற்கு ஒன்றும் தெரியாதே?

இந்தப் புத்தகத்தின் நடு முடிச்சு இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பசில் கெட்டது இல்லை. முதல் பக்கங்களிலேயே அதன் நிலைமை தெரிந்துவிடும். குளிர்ந்த குளத்தில் இறங்கித் தோலை இழுத்துவருவது அது, கரையில் உட்கார்ந்து கட்டளையிடுவது குரங்கு. சந்தைக்குப் போய்ச் சுமப்பது அது, பழத்தைத் தின்பது குரங்கு. எதைச் சொன்னாலும் "உனக்கு மூளை இல்லை, எனக்கு உண்டு" என்று குரங்கு சொல்லும். அதுவும் ஒத்துக்கொள்ளும். நாளெல்லாம் இப்படியே கேட்டு வளர்ந்த எத்தனையோ பேரை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆனாலும் பசிலின் மனதில் ஒரு முள் குத்துகிறது. அஸ்லான் வேஷம் போடுவது சரியில்லை என்று அது சொல்லவும் செய்கிறது. அந்த நேரம் பார்த்து இடி இடிக்கிறது, நிலம் நடுங்குகிறது. இது எச்சரிக்கை என்று பசில் பயப்படுகிறது. இல்லை, சம்மதம் என்று குரங்கு விளக்கம் சொல்கிறது. கழுதை அடங்கிப்போகிறது. அதற்குப் பிறகு இரவில், தீ வெளிச்சத்தில், தூரத்தில் நிற்கும் கூட்டத்துக்கு முன் கொஞ்ச நேரம் தோலோடு நின்றுவிட்டுத் தொழுவத்துக்குள் போவதுதான் அதன் வேலை. ஒரு வார்த்தை பேசாது. அந்த மௌனத்தின் மேல்தான் மொத்த ஆட்சியும் நிற்கிறது.

உண்மை தெரிந்ததும் டிரியன் கத்தியை உருவுகிறான். ஜில் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அதற்குத் தெரியாது, ரொம்ப வருத்தப்படுகிறது, பேர் பசில் என்று ஒரே மூச்சில் சொல்கிறாள். பேரைச் சொல்கிறாள் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கும். பேர் தெரிந்தபிறகு வெட்டுவது கஷ்டம். ஆனால் லூயிஸ் அதோடு விட்டுவிடுவதில்லை. நான் புத்திசாலி இல்லை என்று புலம்பும் நேரத்தில் உன்னால் முடிந்த அளவு புத்திசாலியாக இருக்க முயன்றிருக்கலாமே என்று யூஸ்டஸ் கழுதையிடம் கேட்கிறான். இரக்கம், கண்டிப்பு இரண்டும் புத்தகத்தில் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

மற்ற விலங்குகள் எல்லாம் துணைக்குத்தானா? கதையில் அவற்றுக்கு என்ன வேலை?

விலங்குகளை எடுத்துவிட்டால் கதையே இல்லை. இரண்டு இடம் சொல்கிறேன்.

டிரியனை மரத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இரவு. முகத்தில் ரத்தம், பசி. அப்போது எலிகள், முயல்கள் போன்ற சின்னச் சின்னப் பிராணிகள் வருகின்றன. அவன் மேல் ஏறி முகத்தைக் கழுவிவிடுகின்றன. குடிக்கக் கொடுக்கின்றன, தின்னக் கொடுக்கின்றன. ஆனால் கட்டை மட்டும் அவிழ்க்கவில்லை. அஸ்லானுக்குக் கோபம் வந்துவிடுமே என்று பயம். அரசனிடம் அன்பு இருக்கிறது, பொய்யான கடவுளிடம் பயமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தங்களால் முடிந்ததைச் செய்துவிட்டுப் போகின்றன. கொடுங்கோல் ஆட்சியில் சாதாரண ஜனங்கள் எப்படி இருப்பார்கள் என்பதற்கு இதைவிட உண்மையான படம் வேண்டுமா?

இரண்டாவது, கடைசிச் சண்டை. நாய்கள் ஒரு கணமும் யோசிக்காமல் குரைத்துக்கொண்டு அரசன் பக்கம் பாய்கின்றன. உதவிக்குப் பேசும் குதிரைகள் ஓடி வருகின்றன. யாரையும் நம்பாத குள்ளர்கள் அவற்றை அம்பு எய்து வீழ்த்துகிறார்கள். கரடி சாகும்போது தனக்குப் புரியவில்லை என்றுதான் முனகுகிறது. சுதந்திரம் வேண்டும் என்று ஒருநாள் கேட்ட கரடிகளின் இனம்.

என் அக்கா மகளுக்கு இதை வாசித்துக் காட்டியபோது குதிரைகள் விழும் இடத்தில் என் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டாள். மறுநாள் அவளே எடுத்துக்கொண்டு வந்து, "மிச்சத்தைப் படிங்க மாமா" என்றாள்.

பூனை ஏன் பேச்சை இழக்கிறது?

ஜிஞ்சர் என்ற பூனை படித்த கூட்டத்தின் ஆள். அஸ்லானும் இல்லை, கலோர்மென் கடவுளான டாஷும் இல்லை, எல்லாம் கதை என்று கலோர்மென் தளபதியோடு பேசி முடிவு செய்துவிட்டது. பிறகு நாடகத்தின் ஒரு பகுதியாக, அஸ்லானைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தொழுவத்துக்குள் பவ்யமாகப் போகிறது. உள்ளே உண்மையிலேயே எதுவோ இருக்கிறது. அலறிக்கொண்டு வெளியே பாய்ந்து வருகிறது. பேச வாயைத் திறந்தால் வெறும் பூனைக் கத்தல்தான் வருகிறது.

இதற்கு விதையை லூயிஸ் ஆறாவதாக வெளிவந்த 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' புத்தகத்தில் போட்டிருக்கிறார். உலகத்தைப் படைத்த நாளில் அஸ்லான் சில விலங்குகளின் மூக்கைத் தன் மூக்கால் தொட்டுப் பேச்சைத் தருகிறார். ஊமைப் பிராணிகளின் வழிக்குத் திரும்பாதீர்கள், திரும்பினால் இதை இழந்துவிடுவீர்கள் என்று எச்சரிக்கிறார். நியாயத்தீர்ப்பு நாளில் எல்லாப் பிராணிகளும் வாசலில் வந்து அஸ்லானின் முகத்தைப் பார்க்கின்றன. வெறுப்போடு பார்ப்பவை அந்தக் கணமே சாதாரண விலங்காகி அவருடைய நிழலுக்குள் மறைகின்றன. பேச்சு என்பது உண்மை சொல்வதற்காகக் கிடைத்த வரம், அதைப் பொய்க்கு வாடகைக்கு விட்டால் வரம் திரும்பப் போய்விடும். ஆரம்பமும் முடிவும் இப்படிப் பொருந்துவதால்தான் ஆறாவதைப் படிக்காமல் ஏழாவதைத் தொடவேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

இது பைபிளையே வேஷம் மாற்றிச் சொல்லும் கதையா?

ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்க்கும் உருவகக் கதை இல்லை என்று லூயிஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நார்னியா போன்ற ஓர் உலகம் இருந்து, தேவகுமாரன் அங்கே சிங்கமாக வந்தால் என்ன நடக்கும் என்று கற்பனை செய்து பார்த்தேன் என்பது அவர் விளக்கம். சிங்கம் ஏன் என்றால், வெளிப்படுத்தின விசேஷத்தில் கிறிஸ்துவுக்கு 'யூதா கோத்திரத்துச் சிங்கம்' என்று பேர்.

கடைசிப் போரைப் பொறுத்தவரை, 1961இல் ஒரு சிறுமிக்கு எழுதிய கடிதத்தில் அவரே தெளிவாகச் சொல்கிறார்: குரங்கு என்பது அந்திக்கிறிஸ்துவின், அதாவது முடிவுகாலத்தில் வரும் கிறிஸ்துவின் எதிரியின் வருகை, பிறகு உலகத்தின் முடிவு, பிறகு கடைசி நியாயத்தீர்ப்பு. ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு வரும் ஓநாய்களைப் பற்றிய மத்தேயு 7ஆம் அதிகாரமும், கள்ளக் கிறிஸ்துக்களைப் பற்றிய 24ஆம் அதிகாரமும் தெரிந்தவர்களுக்குக் கதை முழுக்க எதிரொலி கேட்டுக்கொண்டே இருக்கும்.

தொழுவத்தை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். பொய்க் கடவுளை ஒளித்துவைத்த அதே தொழுவம் கடைசியில் மெய்யான நாட்டுக்கு வாசலாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் நாலு பலகை, உள்ளே போனால் முடிவில்லாத வெளி. நம் உலகத்திலும் ஒரு தொழுவத்துக்குள் உலகத்தைவிடப் பெரியது ஒன்று இருந்ததே என்று முதல் புத்தகத்தின் பிள்ளைகளில் ஒருத்தியான லூசி சொல்கிறாள். வேறு விளக்கம் இல்லை, அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் குடில் வைக்கும்போது முன்னணையைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் அந்த வரிதான் ஞாபகம் வருகிறது.

கலோர்மென்காரர்கள் கறுப்புத் தோல், தலைப்பாகை, நாலு கை சாமி. இதைப் படிக்கும்போது உறுத்துகிறதே?

உறுத்தவேண்டும். எனக்கும் உறுத்துகிறது. வடக்கே வெள்ளைத் தோல் நல்லவர்கள், தெற்கே பாலைவனம் தாண்டிக் கறுத்த கொடியவர்கள் என்ற வரைபடம் லூயிஸ் வளர்ந்த பேரரசுக் காலத்தின் வரைபடம். குள்ளர்கள் தோல் நிறத்தை வைத்து ஒரு வசைச்சொல்லும் சொல்கிறார்கள். டாஷுக்குக் கழுகுத் தலை, நாலு கை. கோயில் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு நாலு கை என்றால் வேறு அர்த்தம். அதைப் பிசாசின் அடையாளமாகச் சொல்லும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி நம் பிள்ளை என்ன நினைக்கும் என்று யோசிக்கவேண்டும். நான் வாசிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்திப் பேசிவிட்டுத்தான் மேலே போவேன்.

அதே நேரம், கதைக்குள்ளேயே இருக்கும் ஒன்றையும் மறக்கக்கூடாது. நாட்டைக் கெடுத்தவன் வெளியிலிருந்து வரவில்லை. குரங்கு நார்னியாவின் சொந்தக் குடிமகன். கலோர்மென் அந்த விரிசல் வழியாகத்தான் உள்ளே வந்தது.

எமெத் விஷயத்தில் லூயிஸ் வேதத்தை மீறிவிட்டார் என்கிறார்களே?

எமெத் ஒரு கலோர்மென் இளைஞன். வாழ்நாளெல்லாம் டாஷை மனதாரத் தேடியவன். கதவுக்கு அந்தப் பக்கம் அஸ்லானைச் சந்திக்கிறான். தண்டனையை எதிர்பார்த்து விழுகிறான். நீ டாஷுக்கு என்று நேர்மையாகச் செய்ததையெல்லாம் எனக்குச் செய்ததாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் அஸ்லான். எமெத் என்ற பேரே எபிரெயத்தில் உண்மை என்று பொருள்படும் சொல்.

கிறிஸ்துவின் பேரைச் சொல்லாதவனுக்கு இரட்சிப்பு உண்டா என்று பல சபைகளில் இந்த இரண்டு மூன்று பக்கங்களை வைத்தே விவாதம் நடக்கும். ஆனால் டாஷும் அஸ்லானும் ஒன்று என்று லூயிஸ் சொல்லவே இல்லை. அப்படிச் சொல்வது குரங்கு. அஸ்லான் சொல்வது நேர் எதிர்: நாங்கள் இருவரும் எதிர் எதிரானவர்கள், அதனால்தான் நல்லது எதுவும் அவனுக்குப் போகாது, கெட்டது எதுவும் எனக்கு வராது. உடன்படாதவர்களை மதிக்கிறேன். எனக்கு அந்தப் பக்கங்கள் ஆறுதலாகவே இருக்கின்றன.

சூசன் ஏன் வரவில்லை?

முதல் புத்தகத்தின் நாலு பிள்ளைகளில் சூசன் மட்டும் கடைசியில் இல்லை. உதட்டுச்சாயம், நைலான் காலுறை, விருந்து அழைப்பு என்று போய்விட்டாள், நார்னியாவைச் சின்ன வயது விளையாட்டு என்கிறாள் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். ஒரு பெண்ணை இப்படி நாலு வரியில் தள்ளிவிட்டது நியாயமா என்று பலர் கோபப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கதைப்படி மற்றவர்கள் ரயில் விபத்தில் இறந்துதான் அங்கே வந்திருக்கிறார்கள், சூசன் இங்கிலாந்தில் உயிரோடு இருக்கிறாள். அவள் திருந்த இன்னும் நிறையக் காலம் இருக்கிறது என்று லூயிஸ் ஒரு சிறுவனுக்குக் கடிதம் எழுதினார்.

எந்த வயதில் கொடுக்கலாம்? படமாக வந்திருக்கிறதா?

பத்து வயதுக்கு மேல், முடிந்தால் பெரியவர் ஒருவர் கூட இருந்து. நல்லவர்கள் தோற்கிறார்கள், பிரியமான விலங்குகள் சாகின்றன, நட்சத்திரங்கள் விழுந்து உலகம் இருண்டு உறைகிறது. முதல் புத்தகம், யூஸ்டஸும் ஜில்லும் சேர்ந்து வரும் நாலாவது புத்தகமான 'தி சில்வர் சேர்', படைப்பைச் சொல்லும் ஆறாவது புத்தகம், இந்த மூன்றையாவது முதலில் படித்திருக்கவேண்டும். 2005, 2008, 2010 ஆண்டுகளில் வந்த மூன்று படங்களும் இந்த வரிசையின் முதல் மூன்று கதைகள்தான். கடைசிப் போர் வரைக்கும் அவை வரவில்லை.

இதே சாயலில் வேறு என்ன படிக்கலாம்?

லூயிஸே பெரியவர்களுக்கு ஒன்று எழுதியிருக்கிறார், 1945இல் வந்த 'தட் ஹிடியஸ் ஸ்ட்ரெங்த்'. விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லி ஒரு நிறுவனம் சின்னப் பல்கலைக்கழக ஊரைக் கைப்பற்றுகிறது. அதன் கூண்டுகளில் விலங்குகளை உயிரோடு அறுத்துச் சோதிக்கிறார்கள். எதிர்த்து நிற்கும் சின்னக் கூட்டத்தின் வீட்டில் பல்டிடியூட் என்ற கரடி வளர்கிறது. கடைசியில் அந்த நிறுவனத்தின் விருந்து மண்டபத்தில் பாபேல் கோபுரத்தில் நடந்ததுபோலப் பேச்சு குழம்புகிறது. பார்த்தீர்களா, இங்கேயும் தண்டனை நாக்கில்தான் விழுகிறது. விலங்குகளை அறுத்துச் சோதிப்பதை எதிர்த்து லூயிஸ் 1947இல் தனியாகக் கட்டுரையும் எழுதினார். அவருடைய விலங்குப் பாசம் கதைக்காக வரவழைத்தது கிடையாது.

அப்புறம் வால்டர் வாங்கெரின் எழுதிய 'தி புக் ஆஃப் தி டன் கவ்', 1978. அவர் லூதரன் போதகர். பூமிக்கு அடியில் அடைத்து வைக்கப்பட்ட தீமையை விலங்குகள் தாங்களே அறியாமல் காவல் காக்கின்றன. கோழிப்பண்ணைச் சேவல்தான் தலைவன். எப்போதும் அழுதுகொண்டே இருக்கும் நாய் ஒன்று உண்டு. அந்த நாய்க்காகவே படிக்கலாம்.

தமிழில் நாங்களே இப்படி ஒரு கதை எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

எழுதுங்கள், அவசியம் எழுதுங்கள். சிங்கத்தையும் யூனிகார்னையும் கடன் வாங்கவேண்டாம். உங்கள் தெருவில் என்ன விலங்கு இருக்கிறதோ அதை எடுங்கள். மீன் கூடையைச் சுற்றும் காக்கை, சபைத் திண்ணையில் படுத்துக் கிடக்கும் நாய், உப்பளத்து ஓரம் மேயும் ஆடு. பைபிளில் எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தது காக்கைதானே.

அந்த விலங்கு நாயகனின் கூடவே நடந்து நல்ல வசனம் பேசினால் போதாது. அதனால் மட்டும் முடிகிற ஒரு காரியம் கதையில் இருக்கவேண்டும், அதற்கென்று ஒரு சபலமும் இருக்கவேண்டும். பசிலுக்கு அடக்கமே சபலமாகிவிட்டது. கொடுங்கோலனின் வாயில் உங்கள் சபையில் தினமும் கேட்கும் நல்ல வார்த்தைகளையே வையுங்கள். எழுதும்போது கை நடுங்கினால் சரியான பாதையில் போகிறீர்கள்.

கடைசியில் கழுதைக்கு என்ன ஆகிறது?

மெய்யான நார்னியாவுக்குள் எல்லோரும் சந்தோஷமாகப் போகிறார்கள். பசில் மட்டும் தயங்குகிறது. தோல் போய்விட்டது, இப்போது அது வெறும் சாம்பல் நிறக் கழுதை, சாது முகம். அஸ்லானை நேரில் பார்க்கவேண்டுமே, என்ன சொல்வது என்று அதற்குத் தெரியவில்லை.

அஸ்லான் வருகிறார். எல்லோருக்கும் முன்னால் பசிலைத்தான் கூப்பிடுகிறார். காதருகில் எதுவோ சொல்கிறார், பசிலின் நீளக் காதுகள் இரண்டும் தொங்கிப்போகின்றன. இன்னும் எதுவோ சொல்கிறார், காதுகள் நிமிர்ந்துகொள்கின்றன. என்ன சொன்னார் என்று பக்கத்தில் நின்ற யாருக்கும் கேட்கவில்லை.